அரை ஷட்டரும் அணைந்த போர்டும்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை முழுவதும் இருமல்காரர்கள். மாலையில் போர்டுப் பெட்டிக்குள் இன்னொரு டியூப் லைட்டும் செத்தது. ‘ஆவுடையாள்’ தெரிகிறது, ‘மெடிக்கல்ஸ்’ இருட்டில் கிடக்கிறது. இலுப்பூருக்கு அது போதும்.

ஆகஸ்ட் 21

சென்னையிலிருந்து ராம்நாத் பேசினான். “ஆத்தா, போர்டுக்கு எல்.இ.டி. போட்ருவோம். ஆளுகிட்ட சொல்லிட்டேன்.” என் சர்க்கரை அளவைக் கேட்டு அறியாத மகன் இவன். டியூப் எரியாதது இவனுக்கு எப்படித் தெரிந்தது? எதிர்க்கடை ஆத்மநாதன் போட்டோ அனுப்பினாராம். அவருக்கு என்ன அக்கறை?

பொங்கலுக்கு வந்தபோது, ஊர் ஊராகக் கிளை திறக்கும் ஒரு மருந்துக் கம்பெனி இந்த முக்குக் கடை போன்ற இடங்களைத் தேடுவதாகச் சொன்னவனும் இவன்தான். நான் பதில் சொல்லவில்லை. பதில் கிடைக்காதவர்கள் சுற்றுவழியில் வருவார்கள்.

ஆகஸ்ட் 25

புதுக்கோட்டையிலிருந்து போர்டு பட்டறைக்காரி பிளெஸ்ஸி வந்தாள். ஏணியில் ஏறி, முகப்பு ஷீட்டை நீளமும் அகலமுமாக அளந்தாள்.

“உள்ள லைட்டத்தானே மாத்தப்போற? வெளிய எதுக்கு அளக்குற?”

“ஷீட்டு மஞ்சளாயிருச்சு ஆச்சி. எல்.இ.டி. வெளிச்சத்துல திட்டுத் திட்டா தெரியும். பட்டறைக்கிக் கொண்டுபோயி புதுசு போட்டுத் தாரேன்.”

கொண்டுபோவது என் பெயர். திரும்பி வருவது யாருடைய பெயர்?

“ஷீட்டு இந்தக் கடைய விட்டு நகராது” என்றேன்.

“அப்பக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காருங்க” என்று சிரித்தாள். காரணமில்லாமல் சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை.

செப்டம்பர் 3, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பகலில் பிளெஸ்ஸியின் ஆட்கள் ஷீட்டைக் கழற்றினார்கள். டியூப், சோக் எல்லாவற்றையும் பிடுங்கி எல்.இ.டி. பட்டைகளை ஒட்டினார்கள். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி வேலை செய்யவில்லை. வேறு கொண்டுவருவதாகச் சொல்லி, ஷீட்டை என்னிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அதைக் கடைக்குள் சுவரோரம் சாய்த்தேன். எவரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, உள்ளேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுதும் சாய்ந்தது.

இந்தக் கடைவீதியில் போர்டை அணைத்துப் பாதி ஷட்டர் இறக்கினால் அந்த வீட்டில் சாவு என்று பொருள். என் கணவருக்காக நானே இறக்கியிருக்கிறேன். காவல் காக்கும் மும்முரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. படித்த மூளை!

ஷட்டருக்கு அடியில் முதலில் ஒரு பூமாலை நுழைந்தது, பிறகு ஆத்மநாதன்.

“ஆச்சி...! இருக்கீங்களா?”

“இருக்கேன். மாலை யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்...”

“சம்பங்கிதானா? ரோசாப்பூ வாங்க மனசு வரலையாக்கும். வெளியவே நின்னு ஒரு சத்தம் குடுத்துப் பாக்கக் கூடாது?”

“துக்க வீட்டுல எப்புடிங்க சத்தம் குடுக்குறது? பூக்கடைக்கிப் போறதுக்கு முன்னாடியே ராம்நாத்துக்குப் போன் போட்டுட்டேனே ஆச்சி! மாலை கட்டி வாங்கவே ஒரு மணி நேரமாயிருச்சு.”

என் போன் மாடியில் கிடந்தது. அதை எடுத்து வருவதற்காக நான் எழுந்தபோதே வாசலில் பைக் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ராம்நாத் உள்ளே வந்து, என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதான். அழட்டும் என்று விட்டேன். சென்னையிலிருந்து வர ஒரு ராத்திரி வேண்டும். இவன் மாலையோடு மாலையாக வந்து நிற்கிறான்.

“எங்கேருந்துடா வார?”

“திருச்சி.”

“கம்பெனிக்காரன்கிட்டப் பேசி முடிச்சாச்சா?”

“எந்தக் கம்பெனி? எனக்கு வேலை போயிருச்சு ஆத்தா. சித்திரையிலேருந்து ப்ரியங்கா வீட்டுலதான் கெடக்கோம்.”

“அப்ப இந்த லைட்டு?”

“கடையில வந்து ஒக்காரட்டுமான்னு கேக்கணும். வெறுங்கையோட வந்து எப்புடிக் கேக்குறது? போர்டையாச்சும் சரி பண்ணிக் குடுத்துட்டு...”

“கேக்க வாய் இல்லையா ஒனக்கு?”

“நான் எதச் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்களே ஆத்தா.”

ஆத்மநாதன் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 4

மருமகள் ப்ரியங்காவின் தந்தைக்கும், ராம்நாத் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் போன் செய்து விசாரித்தேன். வேலை போனது உண்மை. மகன் சொன்னதைச் சரிபார்ப்பதில் எனக்கு வெட்கமில்லை.

வேறு பெட்டி மாட்டியதும் போர்டு எரிந்தது. பழைய ஷீட்டுதான். மஞ்சள் திட்டுகள் அசிங்கமாகத் தெரிகின்றன. பிளெஸ்ஸியிடம் சொல்வதாக இல்லை.

செப்டம்பர் 9

ராம்நாத்தைக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பில் போடலாம். மருந்து அலமாரியைத் தொடக் கூடாது.

செப்டம்பர் 17

கடைச் சாவியை ராம்நாத்திடம் தரவில்லை. அவனும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அக்டோபர் 6, திங்கள்

மதியம் மாடியில் கண்ணயர்ந்தவள் விழித்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பதறிக்கொண்டு இறங்கினேன். போர்டு எரிந்துகொண்டிருந்தது, ஷட்டர் முழுவதும் மேலே இருந்தது. பாதிப் படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். ஒரு பெரியவர் தூக்க மாத்திரைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சீட்டு இல்லாமத் தர மாட்டேங்க ஐயா. எங்க ஆத்தா இருந்தாலும் தராது. நாளைக்கு டாக்டரப் பாத்து எழுதி வாங்கிட்டு வாங்க.”

பெரியவர் திட்டிக்கொண்டே போனார். ராம்நாத் எழுந்து அவருக்காக டார்ச் அடித்தான்.

நான் மேலே ஏறிப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.