தட்டில் மிச்சம் வைத்தவர்கள்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று மூன்று வீடுகள். பனியில் கார் இரண்டு முறை வழுக்கியது.

கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கும் ஹாட்டிஷ் சாப்பாட்டின் புது வகையை ஆட்கள் தங்கள் வீட்டில் சூடாக்கிச் சாப்பிட வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கொத்துக்கறி, மேலே உருளைக்கிழங்கு, எல்லாம் பழையபடிதான். காளான் சூப்பை மட்டும் எடுத்துவிட்டு மிளகாய்ச் சாஸும் எலுமிச்சையும் ஊற்றியிருக்கிறார்கள். ஹாட்டிஷில் எலுமிச்சை! நியூ ஜெர்சியிலிருந்து வந்திருக்கும் புது மேலாளர் வின்ஸ் கார்போனின் யோசனை. வேறு யாருக்குத் தோன்றும்?

மார்லிஸ் எங்கெப்ரெட்சனுக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டார். முள்கரண்டியை வைத்துவிட்டார். "ம்ம்... வித்தியாசமா இருக்கும்மா."

மீதியை நாய்க்கு வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மதிப்பெண் தாளில் மட்டும் ஐந்துக்கு நான்கு! ஏன் என்று கேட்டேன். "இந்தப் பனியில இவ்வளவு தூரம் வந்திருக்க. ரெண்டு போட்டா உன் மனசு என்ன பாடுபடும்?"

ஜனவரி 30

இருபத்து நான்கு வீடுகளும் முடிந்தன. சராசரி மதிப்பெண் நான்கு. ஆனால் பத்தொன்பது தட்டுகளில் பாதிக்கு மேல் மிச்சம். ஒவ்வொரு தட்டையும் எடை போட்டு வைத்திருக்கிறேன்.

மினசோட்டாவில் ஒருவர் சாப்பாட்டை 'வித்தியாசமா இருக்கு' என்றால், வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6

தங்கை ஆர்டிஸ் கூப்பிட்டாள். எங்கள் கம்பெனி ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக ஹாட்டிஷ் பிரிவில் இருக்கிறாள்.

"பழசை அடியோட நிறுத்தப் போறாங்களாமே? புதுசு ஓடலன்னா ஃபேக்டரியையே மூடிடுவாங்கன்னு பேச்சு. நீதானேக்கா வீடு வீடாப் போய்ப் பார்த்த? நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள் என்றேன்.

பிப்ரவரி 11

கூட்டம். என் அறிக்கையில் வின்ஸ் எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"அஞ்சுக்கு நாலு! பதினாறு பேர் 'வித்தியாசமா இருக்கு'ன்னு வாயாரச் சொல்லியிருக்காங்க. நமக்கு வேண்டியதே அதுதானே?"

தட்டுகளைப் பற்றி ஆரம்பித்தேன். "எச்சில் தட்டையெல்லாமா எடை போட்டீங்க, மாரிட்? அந்த வேலையைக் குப்பைத்தொட்டியைக் கிளறுற ரக்கூனுங்களுக்கு விட்டுடுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவள்.

கடைசியில் கேட்டார்: "சரி, மாரிட். பழசை நிறுத்திட்டுப் புதுசை இறக்கலாம்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" பதினோரு பேர் என்னையே பார்த்தார்கள்.

"அது... வித்தியாசமான பார்வை, வின்ஸ்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ்!" என்றார், மனதார.

மற்ற பத்துப் பேரும் இந்த ஊர்க்காரர்கள். நான் சொன்னது அத்தனை பேருக்கும் புரிந்தது. எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 12

கூட்டக் குறிப்பு வந்தது. 'ஆராய்ச்சிப் பிரிவு முழுமையாக ஆதரிக்கிறது.' அதாவது, நான்.

மறுப்பு எழுதினேன், அழித்தேன். மூன்று தடவை. 'நான் ஆதரிக்கவில்லை' — ரெண்டே சொல்லுடி. அதை அனுப்பக்கூட உனக்குத் துப்பில்லையா?

ஜூன் 3

கடைகளில் புது ஹாட்டிஷ். பழையது இனி இல்லை.

ஆகஸ்ட் 20

மூன்று மாநிலங்களிலிருந்து சரக்கு திரும்பி வருகிறது. "ஆராய்ச்சி நம்ம காலை வாரிடுச்சு," என்று வின்ஸ் மேலிடத்தில் சொல்லியிருக்கிறார். அவருக்கு சிகாகோவில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்துவிட்டது. வழியனுப்பு அட்டையில் நானும் 'வாழ்த்துகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிழிச்சுப் போட்டிருக்கணும்.

செப்டம்பர் 9

ஃபேக்டரியை மூடுகிறார்கள். இருநூற்றுப் பத்துப் பேர்.

ஆர்டிஸ் கூப்பிட்டாள். "நீ சொல்லவே இல்லியாக்கா?"

"அறிக்கையில எழுதியிருந்தேன்."

"எழுதினது இருக்கட்டும். நேர்ல கேட்டப்ப என்ன சொன்ன?"

கூட்டத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 17

வேலை போனவர்களை வீட்டில் சந்தித்து, அவர்கள் மனநிலையைக் கேட்டு எழுத வேண்டுமாம். அதற்கும் என்னையே அனுப்புகிறார்கள். பட்டியலில் ஏழாவது பெயர் ஆர்டிஸ். வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

அவள் சமையலறை மேஜையில் தாளை விரித்தேன். முதல் கேள்வியை அச்சிட்டபடியே படித்தேன்: "வேலை போனதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?"

"எழுதிக்கோ. எங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

எழுதினேன்.

"படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்தவர்களைக் கார் வரை கொண்டுவிட்டு, தெரு திரும்பும் வரை கையசைப்பார்கள். நான் காரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்டிஸ் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.