மஞ்சள் கவுன் போட்ட குழந்தை

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், இது அவள் காதில் விழாமல் சொல்லவேண்டிய சமாசாரம். இப்போது அவள் உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். ஜன்னல் திரை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கிறது, எனக்கும் கண் சொக்குகிறது, எழுத்து கோணலாகப் போனால் கண்டுகொள்ளாதே.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததே, அதை நானே வாஷர் மாற்றிச் சரிசெய்தேன். பஸ்ஸையே பிரித்து மாட்டியவனுக்குக் குழாய் எம்மாத்திரம் என்று அம்மாவிடம் அளந்தேன், மறுநாளே பழையபடி சொட்டியது, அப்புறம் பிளம்பர் வந்து என் கைவேலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு அடைத்துவிட்டுப் போனார். அந்தச் சொட்டுச் சத்தமும் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது என்று எனக்கு உறைத்தது. உன் அம்மா சொன்னதையே சொல்வதை விட்டுவிட்டாள், அம்மாடி. கீழ்வீட்டு டெய்லர்கூட மாடிப்படியில் என்னை நிறுத்தி, அக்கா ஊருக்குப் போயிருக்காங்களா, குரலே காணோமே என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள் என்றதும் ஜுரமா என்றார்.

போன மாதம் நீ பேசியபோது நடந்ததுதான் காரணம். கேஸை மூடினாயா, கதவைத் தாழ் போட்டாயா, குடை எடுத்துக்கொண்டு போ என்று அவள் வழக்கம்போலத் திருப்பித் திருப்பிச் சொன்னாள், நீ, அம்மா இதையே எத்தனை தடவைதான் சொல்லுவ, நான் என்ன பச்சக் குழந்தையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அலுப்பு இருக்காதா, நானே அவள் ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நழுவுகிற ஆள்தானே. ஆனால் அன்றிலிருந்து உன் போன் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நீங்களே பேசுங்க என்று என் கையில் கொடுத்துவிடுகிறாள். கொடுத்துவிட்டு எழுந்தும் போகமாட்டாள், என் முகத்தையே பார்த்தபடி இருப்பாள்.

மறதி நோயோ என்று நீ பயந்தாய் அல்லவா, அதற்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். தேதி, கிழமை, கூட்டல் கழித்தல் என்று அவர் என்னென்னவோ கேட்டார், இவள் எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். உட்கார்ந்ததும் உன்னை பஸ் நிலையத்தில் தொலைத்த கதையைச் சொன்னாள், எழுந்து வாசலுக்கு வந்தவள் திரும்பிப் போய் இன்னொரு தடவையும் சொன்னாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாபகமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, தெரிஞ்சேதான் சொல்றாங்க, இப்ப எனக்கே அந்தக் கதை மனப்பாடம் என்றார். அதெல்லாம் உன் போனுக்கு முன்னால். இப்போது அந்தக் கதையும் இல்லை.

கதை உனக்குத் தெரிந்ததுதான். அம்மா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர், நான் பின்புறம் பணிமனையில் மெக்கானிக். உனக்குப் பள்ளி விடுமுறை, அவளுடைய மைக் அறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் அவள் திரும்பிய நேரத்தில் வெளியே நழுவிவிட்டாய். ஊரார் பிள்ளைகள் தொலைந்தபோதெல்லாம் குரல் பிசகாமல் சட்டை நிறம், செருப்பு நிறம் வரைக்கும் சொன்னவள், தன் பிள்ளை என்றதும் தடுமாறிப்போனாள். நீ போட்டிருந்தது நீலக் கவுன். அவள் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை, மஞ்சள் கவுன் போட்ட குழந்தை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், மொத்தக் கூட்டமும் மஞ்சளைத் தேடியது. இடையில் புறப்பட வேண்டிய பஸ் ஒன்றைக்கூட அவள் அறிவிக்கவில்லை, டிரைவர்கள் ஜன்னலில் வந்து சத்தம் போட்டார்கள், மேலதிகாரி வந்து மைக்கைக் கேட்டார், தரவில்லை. கடைசியில் பஸ்ஸில் மூட்டை ஏற்றி இறக்குகிற பார்சல் மாமா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார் என்று முடிப்பாள். அங்கேதான் ஒன்றை விட்டுவிடுவாள்.

நீ அத்தனை நேரமும் வெளிவாசல் பக்கத்து ஒலிபெருக்கிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றிருக்கிறாய். பார்சல் மாமா மூட்டை இறக்கிக்கொண்டே உன்னைக் கவனித்திருக்கிறார், நீலக் கவுன் என்பதால் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்று இருந்துவிட்டார். அம்மா மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் நீ கம்பத்தை விட்டுவிட்டு பஸ்கள் திரும்புகிற பக்கம் நடப்பாயாம். குரல் திரும்ப வந்ததும் ஓடிப்போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொள்வாயாம். இரண்டு மூன்று தடவை இதைப் பார்த்த பிறகுதான், அந்தக் குரல் தேடுகிற குழந்தை இவள்தான் என்று அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. அந்தம்மா மட்டும் வாயை மூடியிருந்தா பாப்பா சக்கரத்துக்குப் போயிருக்கும் என்று சாயங்காலம் அவர் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அம்மா உன் கவுனைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று ராத்திரியிலிருந்துதான் எதையும் ஒரே தடவை சொல்லிவிட்டு விடும் வழக்கம் அவளிடம் போய்விட்டது. அந்த இடத்தை மட்டும் அவளால் சொல்ல முடியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நேற்று இதே நேரம் இதே நாற்காலியில் கண்ணயர்ந்தேன். கனவில் நம் பஸ் நிலையம் வந்தது, பஸ்கள் எல்லாம் விளக்கு எரிய நிற்கின்றன, ஆள் ஒருவரும் இல்லை, கம்பத்தில் ஒலிபெருக்கி மட்டும் லேசாக இரைகிறது, பேச்சு வரவில்லை. நான் கிரீஸ் கையோடு கம்பத்தடியில் நின்று காத்துக்கொண்டே இருக்கிறேன். விழித்தால் இரைச்சல் நம் வீட்டு ஃபேன். உள்ளே எட்டிப் பார்த்தேன், அம்மா தூங்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது என்னிடம் போனைக் கொடுக்க விடாதே. தொலைந்த அன்று நான் என்ன கலர் கவுன் போட்டிருந்தேன் அம்மா என்று நீயே கேள். இன்றைக்கும் மஞ்சள் என்றுதான் சொல்வாள். திருத்தாதே, முழுதும் சொல்ல விடு, முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாலும் ம் கொட்டு. நான் எங்கும் நழுவாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாக இரு. அங்கே மழைக்காலம் என்றாய், குடை எடுத்துக்கொண்டு போ.

குடை எடுத்துக்கொண்டு போ. இது அம்மா சொல்லியிருக்க வேண்டியது.

என்றும் உன்,
அப்பா