வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை

வேப்பனப்பள்ளி
2.5.1954

பேரன் சிரஞ்சீவி ராஜப்பனுக்கு அவ்வா வெள்ளையம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

உன் தங்கை மங்கம்மா தளி ஸ்கூலில் டீச்சர் ஆகிவிட்டாள். உன் தம்பி மாதப்பனுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. சின்னத் தம்பி கங்கப்பன் எட்டாவதில் முதல் மார்க். நீயோ லண்டனில் மருந்து ஆராய்ச்சி. சந்தைக்குப் போனால் "ராஜப்பன் அவ்வா வருது, வழி விடுங்கடி" என்கிறார்கள்.

நீ அனுப்பிய மாத்திரையில் என் காணாக்கடி அடங்கிப்போச்சு. தடிப்பும் இல்லை, அரிப்பும் இல்லை. தூக்கமும் நன்றாக வருகிறது. போன வருஷம் வேலைக்கு வந்த வண்டிக்காரன் கரியப்பனுக்கும் உடம்பெல்லாம் தடிப்பு. பாவமென்று இரண்டு மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் என் கையாலேயே கொடுத்தேன். மருந்தென்றால் அப்படித்தானே.

அன்றைக்கே அவன் செய்ததைக் கேள். கிருஷ்ணகிரிக்கு மாங்காய் ஏற்றிப் போனவன் வரவில்லை. மாடுகள் மட்டும் வண்டியோடு திரும்பி வந்தன. ஓடிப் பார்த்தால் ஏரிக்கரையில் கிடக்கிறான். சக்கரம் ஏறிக் கால் முறிந்து, பேச்சும் குழறுகிறது. இங்கே மதுவிலக்கு என்று எல்லை தாண்டிப் பக்கத்து ராஜ்யத்துக்குப் போய்க் குடித்திருக்கிறான்! "வாயில வாடையே இல்லையேம்மா" என்று அவன் பெண்டாட்டி சென்னம்மா அழுதாள். "வாடை போக எதையாவது மென்றிருப்பான்" என்றேன். வேலையை விட்டு நிறுத்தியாச்சு. அவன் மகள் பூவம்மாளைப் பேசியிருந்த சிங்காரப்பேட்டைக்காரர்களும் குடிகாரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

உன் அவ்வா

லண்டன்
13.5.1954

அன்புள்ள அவ்வாவுக்கு,

கரியப்பன் குடிக்கவில்லை. தூங்கி வண்டியிலிருந்து விழுந்திருக்கிறான், அது மாத்திரையின் வேலை.

உடம்பில் ஊறும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் தடிப்பை எழுப்புவது. அது உட்காரும் இடத்தில் மாத்திரை முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். மூளையிலும் அப்படி இடங்கள் இருக்கவேண்டும், அதனால்தான் தூக்கம் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் இங்கே இத்தனை நாளாகத் தேடுகிறேன். உங்களுக்கு வந்த தூக்கமும் அதுவேதான். படுக்கும்போது போடுங்கள் என்று எழுதினேன். ஏன் என்று எழுதாமல் விட்டேனே!

இந்தக் கடிதத்தை ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள், அவ்வா. அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கக்கூடாது.

ராஜப்பன்

வேப்பனப்பள்ளி
27.5.1954

கண்ணு ராஜப்பா,

உன் கடிதம் படித்தேன். என் கையாலேயே கொடுத்து, என் வாயாலேயே குடிகாரன் என்றேனே!

மறுநாளே சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பன், "பேரன் உங்களுக்காக எழுதுவான், அது ஒரு சாட்சியா?" என்றான். "எனக்காக எழுதுகிறவன் என் தலையில் குற்றம் வைத்து எழுதுவானா?" என்றேன். பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னான். ஆவணியில் கல்யாணம்.

அப்புறம் கரியப்பன் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டு. அது ஆறும்வரை சாப்பாடு நம் வீட்டிலிருந்துதான், ஆறினதும் வண்டி ஓட்டுகிற வேலை மறுபடி அவனுக்குத்தான் என்றேன். கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, "என்னைப் பார்க்காத ஆளு சொன்னாரே. தினம் பார்த்த நீங்க சொல்லலையேம்மா" என்றான்.

உன் முகத்தை ஒரு தரம் பார்க்கவேண்டுமாம் அவனுக்கு. என்னிடம் இருப்பது நீ அரைக்கால் சட்டை போட்ட காலத்துப் படம். புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. எனக்கில்லை, கரியப்பனுக்கு.

உன் அவ்வா
வெள்ளையம்மா