சட்டைப்பையில் இருந்த நான்கு வரி

ஆவணி 12, செவ்வாய், இரவு.

ஆவடி ரயில்வே போலீஸ் ஏட்டு மாலையில் உறுதியாகச் சொன்னது: தண்டவாளத்தில் இறந்து கிடந்த இளைஞனைத் தேடி இன்றும் யாரும் வரவில்லை. நாளைப் பகல் பன்னிரண்டு வரை பார்ப்பார்கள். பிறகு அநாதைப் பிணமென்று புதைத்துவிடுவார்கள்.

அவன் சட்டைப்பையில் இருந்தது ஒரு காகிதம் மட்டும். "இன்னா சார், பாட்டு எய்தத் தெரிஞ்சவன் பேரை எய்தக்கூடாதா?" என்றார் ஏட்டு. நேற்றே அதை எழுத்துப் பிசகாமல் நகலெடுத்து எங்கள் பத்திரிகைக்குக் கொடுத்தேன்.

நீ கூப்பிட்டால்
நான்.
மற்ற நேரம்
ஆணியில் தொங்கும் சட்டை.

யாருக்கு எழுதினானோ, அவள் பார்த்தால் அறிவாள். ஆனால் இன்று அச்சில் வந்திருப்பது "பூங்கொடியே" என்று தொடங்கும் விருத்தம்! உதவி ஆசிரியரான புலவர் திருத்திவிட்டார். "எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. அதை எப்படி ஐயா அப்படியே போடுவது?" என்கிறார். கவிதைப் போட்டிக்கா கொடுத்தேன்? செத்தவனிடம் மிச்சமிருந்த ஒரே அடையாளம் அது. அதையும் துடைத்துவிட்டு, நன்றி வேறு எதிர்பார்க்கிறார்.

கத்தித்தான் சம்மதிக்க வைத்தேன். அவன் எழுதியபடியே நாளைக் காலை வரும். முதல் ரயிலில் ஆவடிக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்குள் அவள் கண்ணில் பட வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்பதை இந்த நிமிஷம் வரை நான் யோசிக்கவேயில்லை.