மேசைக்குக் கீழே ஓர் உதை

தங்கச்சி,

நேற்றுக் காலை பிளாக்டவுன் பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து வாய் கொப்புளிக்கும் மருந்தின் புதினா வாசம் வந்தது. அதற்கு அடியில் வைன் வாசமும் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நீயும் அப்படித்தான் குடித்துவிட்டுக் கொப்புளிப்பாய், நானும் தெரியாததுபோல் இருப்பேன். பாணை அங்கேயே வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவளோடு கோபிக்கலாமா என்று தெரியவில்லை. கோபிக்கிறேன்.

நீ என் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் மூன்று கதவுகள் மாற்றினேன். இரண்டை நீ உடைத்தாய். குளியலறைக் கதவை நான் உடைத்தேன், நீ உள்ளே கண்ணாடித் துண்டோடு நின்றதால். காலையில் நான் உனக்குக் கடவுள். "அண்ணா, நீங்கள் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்" என்பாய். மத்தியானம் உன் அழைப்பை ஒருதரம் எடுக்காவிட்டால் போதும், பின்னேரம் வாசலிலேயே தட்டு முகத்துக்குப் பறந்து வரும். "நீயும் என்னை விட்டிட்டுப் போகப்போறாய். போடா." ஒருநாள் என் முன்கையைக் கடித்துத் தசையைக் கிழித்தாய். தையல் போட்டவர்களிடம் நாய் கடித்தது என்றேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவள், "என்ன இன நாய் எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?" என்று கேட்டுச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பரமட்டாவில் மனநல மருத்துவர் உனக்கு ஆளுமைக் கோளாறு என்றார். எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் அடியாகவும் கடியாகவும் வெளியே வருகிறது என்று விளக்கினார். பிறகு உன்னைப் பார்த்து, மது பாவிப்பதுண்டா என்று கேட்டார். நீ நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்தாய். நான் மேசைக்குக் கீழே உன் கணுக்காலில் உதைத்தேன். மெதுவாக அல்ல. எங்கள் ஆட்களில் பெண்கள் குடிப்பதில்லை என்று நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மனநோய்க்காரி என்று சனம் சொன்னால் தாங்கலாம், குடிகாரி என்ற சொல் அம்மாவின் காதுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். பரமட்டாவில் மூடிய அறைக்குள் சொல்வது யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் போகும் என்று கேட்காதே. எங்கள் சனத்துக்குள் எல்லாக் கதையும் போய்ச் சேரும்.

வீட்டுக்குத் திரும்பிக் குசினிக்குள் போனதும் தொடங்கியது.

"முதல்தரமா ஒரு டொக்டரிட்ட உண்மை சொல்ல வெளிக்கிட்டனான். நீ உதைச்சனீ."

குக்கர் மூடியால் என் தோளில் அடித்தாய். மறுபடியும் ஓங்கினாய். நான் உன் தலைமயிரைப் பிடித்து அறைந்தேன். நீ பிரிட்ஜில் மோதி விழுந்தாய். விழுந்து கிடந்தவளைத் திரும்பவும் அடித்தேன். முதல் அடிக்கு என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று ஏதாவது சொல்லலாம். இரண்டாவதுக்கு ஒன்றும் சொல்ல இல்லை.

பதற்றத்துக்கும் நித்திரைக்கும் மருத்துவர் எழுதித் தந்த குளிசைகள், குடிக்காத ஒருத்திக்கு எழுதியவை. குடியோடு சேர்ந்து அவை உன் மூச்சை நிறுத்தின. வேண்டுமென்று செய்தாயா, தெரியாமல் நடந்ததா என்று விசாரித்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. பிறகு அந்த மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். குடியையும் மனதையும் ஒரே இடத்தில், ஒரே ஆட்கள் சேர்த்துப் பார்க்கிற சிகிச்சை இருக்கிறது, தெரிந்திருந்தால் அங்கே அனுப்பியிருப்பேன் என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ மாரடைப்பால் போனாய் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். விசா கிடைக்காமல் கடைசியாக உன் முகத்தைக்கூடப் பார்க்காத அம்மாவுக்கு. நேற்றுக் காருக்குள் இருந்தபடியே அவரை அழைத்து, குடி, குளிசை, நான் உதைத்தது எல்லாம் சொன்னேன். அம்மா அழவில்லை.

"அவள் குடிக்கிறது எனக்குத் தெரியும், தம்பி. அங்க வந்த புதிசிலயே சொன்னவள்."

"உங்களுக்குத் தெரியுமெண்டு ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"சத்தியம் வாங்கிப்போட்டாள். அண்ணா அறிஞ்சா அடிப்பார் எண்டு பயந்தவள். என்ர பிள்ளை பொம்பிளைப் பிள்ளையில கை நீட்டமாட்டான், பயப்பிடாமல் அவனிட்டச் சொல்லு எண்டு நான்தான் சொல்லிக்கொண்டிருந்தனான். உதைச்சதைத் தவிர நீ அவளை அடிக்கேல்லத்தானே?"

"இல்லை அம்மா" என்றேன்.

அந்த இரண்டாவது அடி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ போய்விட்டாய். இப்போது அதை நான் தனியாக வைத்திருக்கிறேன்.