பிக்கட்டியின் வெள்ளைக் கல்

ஜூலை 9, 2000. ஊட்டி

பச்சைத் தேயிலை விலை மறுபடி இறங்கிய செய்தியை இன்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

மாலையில் தங்கை தெய்வம்மா பிக்கட்டியிலிருந்து போன் செய்தாள். மழையில் தோட்டத்து மேடு சரிந்து வெள்ளைப் பாறை தெரிகிறதாம். சுண்ணாம்புக்கல் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை ஆறுச்சாமி தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கல் வெட்டப்போகிறாராம். "வெள்ளிக்கிழமை ஆள் வருதுங்ண்ணா. நாஞ் சொன்னா கேக்கற ஆளா அவரு?"

ஜூலை 11. பிக்கட்டி

மதுக்கரையிலிருந்து எப்போதோ எடுத்துவந்த சுண்ணாம்புக்கல் ஒன்று என் மேசையில் கிடந்தது. அதையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கொண்டுபோனேன்.

மதுக்கரைக் கல்லைக் கத்தியால் சுரண்டியதும் பொடி உதிர்ந்தது. சாறு பட்டதும் நுரைத்தது. தோட்டத்துக் கல்லில் கத்திதான் தேய்ந்தது. சாறு சும்மா வழிந்தது. கண்ணாடி பாட்டிலில் உரசினேன். கண்ணாடியில் கீறல் விழுந்தது. வெங்கச்சாங்கல்தான். குவார்ட்ஸ்.

ஒன்று கடலடியில் சிப்பியும் சேறும் படிந்து ஆனது. மற்றது பூமிக்குள் பாறை வெடிப்பில் சுடுநீர் விட்டுப்போனது. ஒன்றுக்கொன்று உறவே இல்லை என்றேன்.

"உங்க கல்லு நுரைக்குது மச்சான். நம்முளுது அமைதியான கல்லு. அதுக்காகத் தள்ளி வெச்சர்றதா?" என்றார் ஆறுச்சாமி.

"எனக்காக ஒருநாளு இப்படிப் பரிஞ்சு பேசிருப்பீங்களா?" என்றாள் தெய்வம்மா.

பஸ் ஏறும்போது ஆறுச்சாமி மெதுவாகச் சொன்னார்: "இது சுண்ணாம்பு இல்லீன்னு ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

ஜூலை 12

ஏன் சொல்லக்கூடாது?

ஜூலை 13

தெய்வம்மாவிடம் போனில் கேட்டேன், உனக்குத் தேயிலை வேண்டுமா என்று.

"எதுக்குங்ண்ணா? பறிக்கிற கூலிகூடத் தேறல. மேட்டுல செடியப் புடுங்கிட்டா அடுத்த மழைக்கு ஊடு நிக்குமான்னுதான் பயம்."

இப்போது புரிகிறது. அவருக்கு வேண்டியது கல் இல்லை— செடியை எடுக்க ஒரு காரணம். ஊரில் யாரும் இன்னும் எடுக்கவில்லை. முதலில் எடுப்பவன் தோற்றவன் ஆகிவிடுவான். கல் கிடைத்து எடுத்தால் கெட்டிக்காரன். நான் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். "என்கிட்ட சொன்னத அவர்கிட்டயும் சொல்லு" என்றேன்.

ஜூலை 15

நேற்று ஆட்கள் வந்தார்களாம். மேட்டைத் தொடவில்லை, கீழே சமமான இடத்தில் மட்டும் செடிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேலியோரம் கூட்டமாம். "அடியில சுண்ணாம்புங்களா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க," என்றாராம் ஆறுச்சாமி, "கேரட் போடறோம்."