பின் அறைக்குப் போகும் வயர்

செப்டம்பர் 6, சனி

படம் போவதற்கு முன்னால் ரிசீவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. நாக்கை மேலே ஒட்டி எடுத்தால் வருமே, அந்த மாதிரி. அதன் பிறகுதான் திரை கறுப்பாகிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இன்று வந்தது ஒரு முதல் பிறந்தநாள். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கிற வீடியோ பெரிய திரையில் ஓடியது. காலைத் தூக்கியது. டக். கறுப்பு. ரிசீவரை அணைத்துத் திரும்பப் போட்டேன். படம் வந்தது, கடைசிவரை நன்றாக ஓடியது. ஆனால் அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. தூங்குகிற குழந்தையின் கையைப் பிடித்து கேக் வெட்டினார்கள்.

வித்யா அக்கா சேலம் சூரமங்கலத்தில் தன் வீட்டு முன் ஹாலைத்தான் பார்ட்டி தியேட்டராக மாற்றியிருக்கிறாள். சோபா, புரொஜெக்டர், நாலு மூலையிலும் ஸ்பீக்கர், படத்தையும் சத்தத்தையும் அவற்றுக்குப் பிரித்து அனுப்புகிற ரிசீவர், புகை விடுகிற மிஷின். ஒவ்வொரு குடும்பமாக வந்து தங்கள் போட்டோவையும் வீடியோவையும் தாங்களே பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவார்கள். அக்கா என் பெரியம்மா மகள். நான் வெண்ணந்தூரிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கிறேன். பலூன் கட்டுவது, ரிசீவரைப் போடுவது, கேக்கை உள்ளே கொண்டுபோவது என் வேலை. கேக்கைக் கொண்டுபோகும்போது எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். மற்ற இரண்டும் பிடிக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றும் போனது. ஒரு பையன் மோதிரத்தோடு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா' என்று வர வேண்டும். 'சிக்னல் இல்லை' என்று வந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், ரொம்ப நேரம் யோசித்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த அறிவு அண்ணன் வந்தார். கேபிள் போய்விட்டது என்று புதுக் கேபிள் போட்டார். போட்டதும் எல்லாம் நன்றாக வேலை செய்தது. பழைய கேபிளை மாட்டினாலும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் எப்போதும் போனதில்லை.

அந்த 'டக்' சத்தத்தைச் சொல்லலாம் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன பாப்பா, தண்ணி கொண்டாந்தியா?" என்றார். போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 13, சனி

நாய்க்குப் பிறந்தநாள். தொப்பி வைத்துக் கூட்டி வந்தார்கள். பாதியில் படம் போனது. நாய் ஒன்றும் சொல்லவில்லை. அதன் ஓனர் இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அக்கா கதவைச் சாத்தினாள். "அந்த மிசினத் தொடுறது நீ ஒருத்திதான். புதுக் கேபிளும் போட்டாச்சு. இன்னும் என்னத்தடி பண்ற?"

நான் தரையில் கிடந்த பலூனைப் பார்த்தேன்.

"வாயைத் திறந்து பேசு புள்ள! சாமிகிட்டயா பேசிக்கிட்டிருக்கறேன் நானு? இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா உங்கம்மாவ வரச் சொல்லிருவேன். பள்ளிபாளையத்து மில்லுல ஆள் எடுக்கறாங்களாம், அங்க போயிக்கோ."

மில் ஹாஸ்டலில் ஒரு ரூமில் நிறையப் பேர் படுப்பார்களாம். ராத்திரி முழுக்கப் பேசுவார்களாம்.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன். எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. டீச்சர் திட்டியதுகூட இல்லை, காத்திருப்பார். வகுப்பே காத்திருக்கும். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கேட்பவர்களிடம் அம்மா எனக்கு வயிற்றுவலி என்று சொல்லி வைத்திருக்கிறாள். இன்னும் யாராவது கேட்டால் எனக்கு வயிற்றுவலிதான்.

இந்த வீட்டில் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்வதில்லை. இங்கேயே இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மாலை ஒரு எட்டு வயதுப் பெண்ணின் பிறந்தநாள். ரிசீவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு அதன் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் சின்னதாக '1' என்று எரிந்தது. டக். '1+2' என்று மாறியது. படம் போனது. அணைத்துப் போட்டேன். இரண்டும் எரிந்தபடியே படம் வந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள், அதனால் பிழைத்தேன்.

அறிவு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுத்தில் எனக்குக் குரல் வரும். அவர் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "அட ஆமா பாப்பா! மேட்ச் பாக்கோணும்னு உங்க மாமா சொல்லி, ஆரம்பத்துல ரெண்டு திரைக்கும் போற மாதிரித்தான் போட்டுக் குடுத்தேன். மறந்தே போச்சு. ரெண்டாவது டிவி பழசு. அது நடுவுல முழிச்சுதுன்னா, இந்தப் பொட்டி ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி படத்த மாத்திக் குடுக்கப் பாக்கும். அதுல புரொஜெக்டர் கோவிச்சுக்கும். எந்த ரூம்ல இருக்குதுன்னு பாரு."

ரிசீவருக்குப் பின்னால் இரண்டு வயர்கள். ஒன்று மேலே புரொஜெக்டருக்கு. இன்னொன்று பீரோவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவர் ஓட்டை வழியாக பின் அறைக்குப் போகிறது. பின் அறை பாப்பாயி அத்தையுடையது. அக்காவின் மாமியார். ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவை லேசாகத் தள்ளினேன்.

அத்தை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் டிவியில் அந்த எட்டு வயதுப் பெண், ஏற்காட்டில், ஐஸ்கிரீமோடு.

"கதவச் சாத்து சாமி, வெளிச்சம் அடிக்குது" என்றார்.

சாத்தினேன். உள்பக்கமாகச் சாத்திவிட்டேன். அதனால் உட்கார வேண்டியதாகிவிட்டது.

சீரியல் வைக்கப் போய் ரிமோட்டில் எதையோ அழுத்தியிருக்கிறார். ஹாலில் ஓடுவது இங்கே வந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு பார்ட்டியையும் விடுவதில்லை. சத்தம் வைப்பதில்லை. ஹாலில் பாட்டு கேட்டதும் டிவியை அதற்கு மாற்றுவார். அந்த நேரம்தான் 'டக்'.

"இந்தப் புள்ளைக்கு அப்பன் மூக்கு. நடக்கறதுக்கு வருசத்துக்கு மேல ஆயிருச்சாம், எழுதிப் போட்டாங்க. போன வாரம் மோதிரம் போட வந்தானே, அந்தப் பையன் ஆவாது. போட்டோ பூராவும் அவன் மூஞ்சிதான் பெருசா இருக்குது, அந்தப் புள்ள ஓரமா நிக்குது. நாய் நல்ல நாய்."

ஹாலுக்கே வந்து பார்க்கலாமே என்று நினைத்தேன். அவராகவே சொன்னார்: "நல்ல காரியம் நடக்கற எடத்துல நா எதுக்குச் சாமி முன்னால வந்து நிக்கோணும்? உங்க மாமா, எங்க ஊட்டுக்காரரு, போய்ச் சேந்த பொறவு நா ஒரு விசேசத்துக்கும் முன்னால போறதில்ல. இப்பிடியே பாத்துக்கறேன்."

நல்ல காரியம். நாய் பிறந்தநாள் உட்பட.

செப்டம்பர் 15, திங்கள்

அக்காவிடம் சொன்னால் அத்தைக்கு டிவி போகும். சொல்லாவிட்டால் எனக்கு மில். அக்காவும் அத்தையும் சோறு, காய், கேஸ் சிலிண்டர் தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் இதை எப்படிச் சொல்வது? 'அக்கா, உங்க மாமியார்...' அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. எழுதக்கூட வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி வருகிற கேக் எல்லாம் முட்டை இல்லாதது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்களும் முட்டை இல்லாத கேக்தான் கேட்கிறார்கள்.

எனக்கு வேறு வழி தோன்றியது. பார்ட்டிக்கு ஆள் வருவதற்கு முன் அத்தையிடம் போனேன். "டிவிய இப்பவே போட்டு வெச்சிருங்க அத்தை. நடுவுல போட்டா முன்னால படம் போயிருதுங்க."

அத்தை எழுந்தே விட்டார். "என்னாலயா?"

"டிவியாலங்க."

முன்னாலேயே போட்டார். '1+2'. 'டக்' வரவே இல்லை. இரண்டு திரையிலும் படம் ஓடியது. அக்கா என் தோளில் தட்டினாள். ஒரே நாளில் எல்லோருக்கும் நல்லது செய்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று ஒரு கணவன் மனைவி மட்டும் வந்தார்கள். கல்யாண நாள். பலூன்கூட வேண்டாம் என்றார்கள். அந்த ஆள் பென் டிரைவை என்னிடம் கொடுக்கும்போது கையை எடுக்கவில்லை.

"உள்ள கேமரா கீமரா ஒண்ணும் இல்லீல்ல?" என்று அக்காவைக் கேட்டார். "இது எங்க ரெண்டு பேரோட விசியமுங்க."

"சத்தியமா இல்லீங்ணா" என்றாள் அக்கா. "இந்த நாலு செவுத்துக்கு வெளிய ஒரு கண்ணு பாக்காது. என் கொழந்தைக மேல சத்தியமுங்க."

அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அக்காவின் குழந்தைகள் இரண்டு பேரும் மாடியில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தார்கள்.

படத்தைப் போட்டுவிட்டுத்தான் நான் வெளியே வர வேண்டும். முதலில் அந்த ஆளின் முகம் வந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து எடுத்திருக்கிறார். "நா பண்ணுனது தப்புதான் செல்வி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. கதவை நோக்கி நடந்தேன். முகப்பில் '1+2'. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சத்தம் இல்லாவிட்டாலும் அழுகிற முகம் தெரியும். சேலத்தில் யார் யாருக்குத் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அத்தை கெட்டவர் இல்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டார். இருந்தாலும் — இல்லை.

திரும்பிப் போய் ரிசீவருக்குப் பின்னால் கையை விட்டு இரண்டாவது வயரைப் பிடுங்கினேன்.

டக். கறுப்பு.

அந்த ஆள் "ஐயோ" என்றார். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "மன்னிப்புக்கூட உனக்கு ஒழுங்கா வரமாட்டேங்குதே" என்றாள். நான் அணைத்துப் போட்டேன், படம் வந்தது, ஓடி வெளியே வந்துவிட்டேன்.

போகும்போது இருவரும் ஒரே ஹெல்மெட்டை நீ போடு நீ போடு என்று சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அக்கா சமையலறைக்கு வந்தாள். "மறுபடி போச்சா?"

வாயைத் திறந்தேன். வந்தது. "பின்னால ரூமுக்குப் போற வயருங்க்கா. அதுதான். புடுங்கிட்டேன். இனிமேப் போகாது."

"எந்த வயரு?" யோசித்தாள். "அட, மேட்சு பாக்கறதுக்குப் போட்டதா? அது இன்னுமா கெடக்குது! அத யாருமே பாக்கறதில்லியே."

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. இப்படியும் ஒரு வசதி.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டு பார்ட்டி. படம் போகவில்லை. மில் வேண்டாம் என்று அக்கா அம்மாவிடம் போனில் சொன்னாள். "புள்ள வெவரமாத்தான் இருக்குது, வாய் மட்டுந்தான் இல்ல."

அத்தையின் கதவு சாத்தியே இருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

காபி கொண்டுபோனபோது டிவி நீலமாக இருந்தது. அத்தை நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீரியல் வெச்சுத் தரட்டுங்களா?" என்றேன். "வேண்டாஞ் சாமி. அதுல எல்லாருந் தெரிஞ்ச மூஞ்சிதான்" என்றார்.

நான்தான் பிடுங்கினேன் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். காபி நன்றாக இருக்கிறது என்றார். சர்க்கரை போட மறந்திருந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பிடுங்கியது சரிதான். மறுபடி மாட்ட மாட்டேன். ஆனால் அவர் பகலிலேயே படுத்துக்கொள்கிறார்.

செப்டம்பர் 27, சனி

இன்று மாலையிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. அத்தையோடு பேசிக்கொண்டிருக்கிறாள். சத்தமாக. வெகுநேரமாக. பார்ட்டிக்கு வந்த குழந்தையின் அம்மா போகும்போது அத்தையிடம் குழந்தையைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அக்காவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

நடந்தது இதுதான். சேந்தமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம், குழந்தைக்கு முதல் பிறந்தநாள். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தாயிற்று. அக்கா உள்ளே லேப்டாப்போடு இருந்தாள். நான் பிரிட்ஜிலிருந்து கேக்கை எடுத்துத் தட்டில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஹால் பக்கம் திரும்பவேண்டியவள் பின் அறைக் கதவைக் காலால் தள்ளினேன்.

"அத்தை, இதை நீங்க கொண்டு போறீங்களா?"

எழுந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, உனக்குத் தெரியாதா? மொதப் பொறந்தநாளு. சாங்கியத்துக்கு நா வரக்கூடாது கண்ணு."

"சாங்கியம் இல்லீங்க அத்தை. கேக்குதான்."

மெழுகு உருகிக் கேக்கில் விழுந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கக்கா வைவா."

"வைவாங்க."

"அவுங்க எதாச்சும் சொன்னா?"

தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். நின்றேன். அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். பிறகு அத்தை கட்டிலிலிருந்து இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகினார். "முட்டை போட்டதா?"

"இல்லீங்க."

"குடு இப்பிடி. சாச்சு வெச்சிருக்கற பாரு, மெழுகெல்லாம் ஒழுகுது."

தட்டைக் கொடுத்தேன். முன்னால் போய் ஹால் விளக்கை அணைத்தேன். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.